நகம் தெரிந்தால்தான் தோட்டா

துப்பாக்கிக் குழலுக்குள் நான் முதன்முதலில் பார்த்தது சைக்கிள் கடைப் பழனியின் கட்டைவிரல் நகம். ஓரமெல்லாம் கிரீஸ் ஏறி, வெட்டி நாளாகியிருந்த நகம். துப்பாக்கியின் அடிப்பக்கத்தைத் திறந்து அதற்குள் விரலைக் கொடுத்துக்கொண்டு அவர் நிற்க, நான் வாய்ப்பக்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தேன். நகத்தில் பட்ட காலை வெயில் குழலின் சுவரெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்து என் கண்ணில் விழுந்தது.

"இன்னா தெரியுது?" என்று என் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"நகம்."

"சுத்தமா கீதா?"

"குழாய் சுத்தமாத்தான் கீது. நகம்தான் இல்ல," என்றேன்.

மைதானத்தில் நின்றிருந்த எல்லாரும் சிரித்தார்கள். பழனி சிரிக்கவில்லை. குரலுக்கு உரியவரும் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் வெட்டிக்கினு வா. இங்க நகம்தான் கண்ணாடி," என்று பழனியிடம் சொல்லிவிட்டு அடுத்த சோடியைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர்தான் எஸ்தர் ஏட்டம்மா. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் துப்பாக்கி சுடச் சொல்லித்தந்த முதல் பெண். இந்த வாரம் முழுக்க அவருக்குத்தான்.

காக்கி தைக்கப் போனவள்

போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூர் கடைத்தெருவில் நான் ஒரு தையல் கடை வைத்திருந்தேன். அப்போது ஊர்க்காவல் படைக்கு ஆள் சேர்த்தார்கள். அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, தேர், திருவிழா, தேர்தல், வெள்ளம் என்று வந்தால் மட்டும் போலீசுக்குத் துணையாக நிற்கிற வேலை. சேர்ந்தவர்களுக்குச் சட்டை தைக்கிற ஆர்டர் எனக்கு வந்தது. அளவெடுக்கப் போன இடத்தில் பெண்களும் சேரலாம் என்றார்கள். அதே துணியில் எனக்கும் ஒன்று வெட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் வேலை பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதற்குமே ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் அவருக்கு ஒரு சுகம். மாமியார்தான் அவர் பங்குக்கும் சேர்த்துச் சொன்னார். இத்தனைக்கும் அப்போது துப்பாக்கிப் பேச்சே வரவில்லை, வெறும் லத்தியும் விசிலும்தான்.

உத்திரமேரூர் என்றதும் கல்வெட்டைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்க்கிற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எஸ்தரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை.

உஸ்தாத் என்று சொல்லாத வாய்கள்

பெருநகர் பக்கத்தில் ஒரு காலனி எஸ்தருக்கு ஊர். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். போலீசில் பெண்களை எடுக்க ஆரம்பித்த புதிதில் போய்ச் சேர்ந்துவிட்டார். கூடச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் துப்பாக்கி என்றாலே காது வலித்ததாம். இவருக்கு மட்டும் அதை விட்டு வர மனசில்லை. சுட்டுப் பழகி, பிறகு சொல்லித்தருகிற பயிற்சிக்கும் நச்சரித்து நச்சரித்துப் போய், தேறி வந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் எனக்குப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ளத் தோன்றும்.

அவருக்கு முன்னால் எங்கள் பக்கம் துப்பாக்கி கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் பட்டாளத்திலிருந்து வந்த ஆண்கள். அவர்களை 'உஸ்தாத்' என்று கூப்பிடுவது வழக்கம். வாத்தியார் என்று அர்த்தம். வயதில் சின்னவராக இருந்தாலும், துப்பாக்கியைச் சொல்லித்தருகிறவர் என்றால் உஸ்தாத்தான்.

எஸ்தரை ஒருவர்கூட அப்படிக் கூப்பிடவில்லை. பெண்கள் நாங்கள் 'ஏட்டம்மா' என்றோம், அது எங்கள் வாய்க்கு வசதி. ஆண்கள் 'ஏம்மா' என்றார்கள், அது அவர்களுக்கு வசதி. எஸ்தர் எதற்கும் திரும்பிப் பார்த்தார். திருத்தவில்லை.

பால் கறக்கிற விரல்

ஆடி மாதத்தில் ஆரம்பித்த வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் கோணிச் சாக்கை விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும். ஆண்களுக்கு அதில்தான் முதல் பேஜார். ஒரு பெண் நின்றுகொண்டிருக்க, அவள் காலடியில் இவர்கள் படுப்பதா? பழனி முதல் வாரம் இடுப்பு வலி என்றார். இரண்டாம் வாரமும் இடுப்பு வலி. மூன்றாம் வாரம் எஸ்தர், இடுப்பு சரியாகும்வரை பெண்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கி வரச் சொன்னார். இடுப்பு அன்றைக்கே சரியாகிவிட்டது.

பெண்களுக்கு வேறு கஷ்டம். எங்களுக்கு உடுப்பு காக்கிப் புடவை. புடவையோடு காலை அகட்டிப் படுத்துச் சுட முடியுமா? எஸ்தர் ஒரு நாள் என் கடைக்கு வந்து, எல்லாப் பெண்களுக்கும் பேன்ட் தைக்கச் சொன்னார். பஸ்ஸில் பேன்ட்டோடு வர எவளுக்கும் தைரியம் இல்லை. அதனால் பேன்ட்டுக்கு மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து, மைதானத்து ஓரம் பனைமரத்துக்குப் பின்னால் அவிழ்த்து மடித்து வைப்போம். போகும்போது மறுபடி சுற்றிக்கொள்வோம். ஒரு தடவை என் பேன்ட்டின் கால் புடவைக்குக் கீழே தெரிந்து, கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பிங் வரை டிக்கெட்டே கேட்கவில்லை.

சொல்லித்தருவதில் எஸ்தருக்கென்று ஒரு தினுசு உண்டு. புத்தகத்தில் இருப்பதை ஒரு தடவை சொல்வார். பிறகு ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, அவரவர் கைக்குத் தெரிந்த வேலையில் அதைச் சொல்வார். மாடு வைத்திருந்த ஒரு பெண்ணிடம், விசையை வெடுக்கென்று இழுக்காமல் காம்பை அமுக்குகிற மாதிரி அமுக்கச் சொன்னார். பழனியிடம் ஸ்போக் கம்பியை முறுக்குகிற கணக்கைச் சொன்னார். என்னிடம் கேட்டது இது:

"ஊசில நூல் கோக்கும்போது மூச்சு வுடுவியா?"

"வுட மாட்டேன்."

"அவ்ளோதான். இங்கயும் வுடாத."

இவ்வளவு சுலபமாக ஒன்றைச் சொல்லித்தரலாம் என்று எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் காட்டவில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றதற்குப் பாதிக் காரணம் கணக்கு டீச்சர். அதை வேறொரு வாரம் வைத்துக்கொள்கிறேன்.

காஞ்சிபுரத்தைத் தாண்டினால் புள்ளலூர். அந்தக் காலத்தில் பல்லவ ராஜாவும் சாளுக்கிய ராஜாவும் படை திரட்டி வந்து மோதிக்கொண்ட இடம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இப்போது போய்ப் பார்த்தால் நெல்தான் விளைந்துகொண்டிருக்கும். ராஜாக்கள் யானையோடு வந்து சண்டை போட்ட சீமையில், பத்துப் பதினைந்து பெண்கள் சாக்கு விரித்துப் படுத்தால் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்க அவ்வளவு கூட்டம். எஸ்தர் அவர்களை விரட்டவில்லை. ஒரு நாள் அவர்கள் பக்கம் திரும்பி, சேர விருப்பம் உள்ளவர்கள் பேர் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னார். வேலி காலியாகிவிட்டது.

வாழைப்பூ

ஆனால் எல்லாரையும் எரிச்சல்படுத்தியது அந்த நகச் சடங்குதான். துப்பாக்கியைக் கையில் எடுத்தால், சுடுகிறோமோ இல்லையோ, இரண்டு இரண்டு பேராக நின்று ஒருவர் நகம் வைக்க, மற்றவர் குழலுக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்து இடம் மாறி இவர் நகம், அவர் கண். தோட்டாவே இல்லாத வெறும் பயிற்சிக்கும் அப்படித்தான். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று பழனி முணுமுணுப்பார். போலீசில் இது உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் பேருக்குச் செய்வார்கள், எஸ்தர் உயிரைக் கொடுத்துச் செய்தார்.

ஏன் என்று நான்தான் கேட்டேன். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அவர் பயிற்சியில் இருந்தபோது கூடப் படுத்திருந்த ஒரு பெண்ணின் துப்பாக்கி வாயில் சேறு அடைத்திருந்திருக்கிறது. கீழே ஊன்றும்போது பட்ட சேறு. யாரும் பார்க்கவில்லை. சுட்டதும் குண்டு வெளியே வர வழியில்லாமல் குழலே வெடித்து, வாழைப்பூ மடல் விரிகிற மாதிரி விரிந்துவிட்டதாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு கண் போயிற்று. எஸ்தருக்குப் பக்கத்துப் பாய்.

"அவ இப்ப தபால் பிரிக்கற வேலைல கீறா. நல்லாத்தான் கீறா," என்றார்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் சொன்னார். பெண்களுக்குத் துப்பாக்கி எதற்கு, முதலுதவியும் லத்தியும் போதாதா என்று மேலே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் சொல்லித்தருவது சரிவருமா என்று அதற்கும் மேலே ஒரு பேச்சு. ஆயுத பூஜைக்கு மறுநாள் நாங்கள் நிஜத் தோட்டா சுட வேண்டிய நாள். அதைப் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அன்றைக்கு நாங்கள் ஒழுங்காகச் சுட்டு முடித்தால் எஸ்தருக்கு இந்த வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி கோர்ட்டுக்குக் கைதிகளைக் கூட்டிப் போகிற டூட்டி.

"எனக்கு வேற எதுவும் இவ்ளோ நல்லா வராது மல்லிகா," என்றார். பெருமைக்காகச் சொல்லவில்லை. பசிக்கிறது என்று சொல்வது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

ஆறுமுகம் ஏட்டய்யாவின் சந்தனம்

எங்கள் துப்பாக்கிகள் இருந்த ஸ்டேஷனின் பெயர் இங்கே வேண்டாம். ஆயுத அறைச் சாவி ஆறுமுகம் ஏட்டய்யாவிடம் இருந்தது. ஓய்வு பெற இரண்டொரு வருஷம் பாக்கி. நல்ல மனுஷர். நெற்றி நிறைய விபூதி. ஒரு பெண் துப்பாக்கி வேலைக்கு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அதைச் சண்டையாகக் காட்டாமல், எஸ்தர் கையெழுத்துப் போட்டு வாங்குகிற ஒவ்வொரு தடவையும் பேனாவைத் தேட நேரம் எடுத்துக்கொள்வார்.

ஆயுத பூஜை அவர் பொறுப்பு. தையல் கடையில் நாங்கள் மெஷினுக்குப் பொட்டு வைப்பது போல, ஸ்டேஷனில் துப்பாக்கிகளை எண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாகச் சாய்த்து வைத்துப் பூஜை போடுவார்கள். சந்தனத்தில் ஆறுமுகம் பச்சைக் கற்பூரம் கலந்து குழைப்பார். அந்த வாசனை தெரு முனை வரைக்கும் வரும். குழைத்த சந்தனத்தைத் துப்பாக்கியின் வாயில் அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்து, ஆளுக்கொரு பூ சொருகுவது மாதிரி ஒவ்வொரு வாயிலும் காம்போடு ஒரு சாமந்தி சொருகுவார். அவர் கணக்குப்படி வாய்தான் துப்பாக்கிக்கு நெற்றி. வருஷா வருஷம் அப்படித்தான். வழக்கமாகப் பூஜை முடிந்து ரொம்ப நாள் அவை வெளியே வராது. அதற்குள் எப்போதாவது சுத்தம் செய்துவிடுவார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றியதில்லை.

அந்த வருஷம்தான் பூஜைக்கு மறுநாளே சுடுகிற நாள் வந்தது. பூஜைக்கு எஸ்தரை யாரும் கூப்பிடவில்லை. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரிக்கு இதில் என்ன என்று விட்டுவிட்டார்கள். கூப்பிட்டிருந்தால் அப்போதே பார்த்துச் சொல்லியிருப்பார்.

குன்றடியில்

சாலவாக்கம் போகிற வழியில் ஒரு மொட்டைக் குன்று. அதன் அடிவாரத்தில் மண்ணைக் குவித்து, அதற்கு முன்னால் குறிப்பலகை நட்டிருந்தார்கள், அதுதான் சுடுகிற ரேஞ்ச். முந்தின நாளே சுற்றுப்பட்டு ஊர்களில் தண்டோரா போட்டாயிற்று, மாடு ஆடு அந்தப் பக்கம் ஓட்டக் கூடாது என்று. மேலே சிவப்புக் கொடி பறந்தது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்களுக்கு இடம் கொடுத்திருந்தது மத்தியானம் வரைதான். ஆறுமுகம் துப்பாக்கிகளை வேனிலிருந்து இறக்கிக் கொடுத்தார். பூவை எடுத்து, வெளியே ஒட்டியிருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்திருந்தார். இரும்பு பளபளவென்று இருந்தது.

"நகம்," என்றார் எஸ்தர்.

அதிகாரி வாட்சைப் பார்த்தார். நேற்றுத்தானே எல்லாவற்றையும் துடைத்துப் பூஜை போட்டீர்கள், மழை வருவதற்குள் ஆரம்பிக்கலாமே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எஸ்தர் சல்யூட் அடித்து, ஒரு நிமிஷம் ஐயா என்றார்.

பழனி நகம் வைத்தார். நான் குனிந்தேன். உள்ளே இருட்டு.

"தெரியல," என்றேன்.

பழனி விரலை இப்படி அப்படித் திருப்பினார். அப்போதும் தெரியவில்லை. எஸ்தர் வந்து துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரு கம்பியால் அடைப்பைக் குத்தி வழி பண்ணி, சணல் கயிற்றில் துணி கட்டி, அடிப்பக்கமாகக் கயிற்றை விட்டு இழுத்தார். முதலில் வர மறுத்தது. இன்னொரு இழுப்பு இழுத்ததும், காய்ந்த சந்தனக் கட்டியும் குங்குமமும் அறுந்த சாமந்திக் காம்பும் சேர்ந்து வெளியே விழுந்தன. பச்சைக் கற்பூர வாசனை குப்பென்று அடித்தது. அது யார் கை சந்தனம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, வெளியூர் அதிகாரி ஒருவரைத் தவிர.

அந்தத் துப்பாக்கியோடு நான் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எனக்கு யோசிக்க வரவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு பிசையும்போதுதான் வந்தது. கை நின்றுவிட்டது.

எஸ்தர் வானத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அந்த ஒரு துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு, மற்றதை ஒரு பார்வை பார்த்து ஆரம்பித்திருந்தால் நேரம் போதும். அவர் வேலையும் நிலைத்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆரம்பித்துவிடுங்கள் ஏட்டம்மா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"தோட்டாப் பெட்டிய மூடுங்க. எல்லாத்தையும் கயிறு போட்டு இழுத்துப் பாத்துட்டுதான்," என்றார்.

ஒவ்வொன்றாக இழுத்தோம். இன்னும் சிலவற்றிலும் சந்தனம் வந்தது. காம்பு உள்ளேயே உடைந்து கிடந்ததும் உண்டு. பாதி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு தோட்டாகூடச் சுடாமல் பெட்டி வேனுக்குத் திரும்பியது.

பெயரைச் சொல்லாதது

அதிகாரி நனைந்துகொண்டே கேட்டார், இதைச் செய்தது யார் என்று. பூ, சந்தனம், குங்குமம் என்றதும் அவர் பார்வை தானாகப் பெண்கள் பக்கம் வந்தது. ஆறுமுகம் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. எஸ்தர் ஒரு பார்வையில் என்னை அடக்கிவிட்டார்.

"ரேஞ்ச் என்னுதுங்க ஐயா. பொறுப்பும் என்னுதுதான்," என்றார்.

அவ்வளவுதான். அந்த மாதமே உத்தரவு வந்தது. ஆண்களுக்கு மட்டும் வேறு இடத்தில் சுடுகிற பயிற்சி, பெண்களுக்கு லத்தியும் முதலுதவியும். எஸ்தர் கோர்ட் டூட்டிக்குப் போய்விட்டார்.

போகிற அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்துச் சண்டைக்கே போனேன். அந்த மனுஷரின் பேரைச் சொல்வதற்கென்ன என்று கேட்டேன். எஸ்தர் பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"அவரு சாமிக்குன்னு வச்சாரு. நான் வாயத் தொறந்தா, வேதக்காரி பூஜையக் குத்தம் சொல்லிட்டான்னு ஆக்கிடுவாங்க. அப்பறம் சண்டதான் நிக்கும். நகத்த எவனும் பாக்க மாட்டான்."

எனக்கு அது அப்போது புரியவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. நான் அவ்வளவு பெரிய மனசுக்காரி கிடையாது. அதற்கப்புறம் ஆறுமுகத்தைத் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லாமல் போனேன்.

சில மாதங்கள் கழித்து அவரே என் கடைக்கு வந்தார், பேன்ட் இடுப்பைத் தளர்த்த வேண்டும் என்று. துணியைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தம்மா என்ன செய்கிறது என்று விசாரித்தார். கைதியோடு பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் அலைந்துகொண்டிருப்பதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் மெஷின் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேர அது சொல்லிருக்கலாம் இல்ல?" என்றார்.

"சொல்லிருக்கலாம்," என்றேன்.

எழுந்து போய்விட்டார். பேன்ட்டை வாங்கிப் போகக்கூட வரவில்லை. நான்தான் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த பூஜை

மறு வருஷம் ஆயுத பூஜைக்குச் சிவப்புத் துணி தைத்துக் கொடுத்ததால் எனக்கும் ஸ்டேஷனுக்கு அழைப்பு வந்தது. அதே அதிகாரி வந்திருந்தார். ஆறுமுகம் துப்பாக்கிகளை வரிசையாகச் சாய்த்திருந்தார். சந்தனம் குழைத்தாயிற்று, கற்பூர வாசனையும் வந்தது. ஆனால் சந்தனத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்துத் திறந்து, தன் கட்டைவிரல் நகத்தை வைத்து, பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளைக் குழலுக்குள் பார்க்கச் சொன்னார். பிறகு சந்தனத்தை அடிக்கட்டையின் மரத்தில் மட்டும் வைத்தார். இரும்பைத் தொடவே இல்லை. பூவைக் கீழே, துணிமேல் வைத்தார்.

தீபாராதனை முடிந்து பொரியும் கடலையும் கொடுக்கும்போது அதிகாரி முன்னால் போய் நின்றார். போன வருஷம் வாயில் சந்தனம் வைத்தது தான்தான் என்றார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"பயந்துட்டேங்க ஐயா. அந்தம்மாவுக்குத் தெரியும். அது சொல்லல," என்றார் ஆறுமுகம்.

அதிகாரி கையிலிருந்த பொரியைச் சாப்பிடாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். ஆறுமுகத்துக்கு மெமோ வந்தது. ஓய்வு வாங்கப்போகிற வயதில் அது ஒரு கறைதான், அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தை அறுப்பெல்லாம் முடிந்த பிறகு எஸ்தரைத் திரும்ப அனுப்பினார்கள். பெண்களுக்கும் மறுபடி துப்பாக்கி, பழையபடி ஆண்களோடு சேர்ந்தே.

இன்றைக்கும் எங்கள் பக்கம் சில ஸ்டேஷன்களில் ஆயுத பூஜையன்று முதலில் திறந்து பார்த்துவிட்டு, மரத்தில் மட்டும்தான் சந்தனம் வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், அப்படித்தான் வழக்கம் என்பார்கள். ஒரு வேதக்காரப் பெண்ணின் பிடிவாதம் அந்தப் பூஜைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எஸ்தர் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லித்தந்தார். அவர் ரேஞ்சில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை. எனக்கு அவர்மேல் இருப்பது மரியாதை என்றால் போதாது. நான் இரண்டு கண்ணோடும் ஊசியில் நூல் கோத்துப் பிழைத்தது அவரால்தான்.

திரும்பி வந்த முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

அதே குன்றடி. வெயில் சுள்ளென்று அடித்தது. பனைமரம் இல்லாததால் ஒரு பாறைக்குப் பின்னால் புடவையை மடித்து வைத்துவிட்டு வந்தோம். பழனி நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆறுமுகம் வேனிலிருந்து முதல் துப்பாக்கியை இறக்கினார். அதை எங்களிடம் கொடுக்காமல், தானே திறந்து, நகத்தை வைத்துக்கொண்டு, எஸ்தர் முன்னால் போய் நின்றார். எஸ்தர் வாய்ப்பக்கம் குனிந்தார்.

"தெரியுதா உஸ்தாத்?" என்று கேட்டார் ஆறுமுகம்.

பழனி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், கண் நிறைந்துவிட்டது. எஸ்தர் குழலிலிருந்து நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தெரியுதுண்ணே," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.